கழுவாத கொட்டகை

மாடசாமி அண்ணாச்சி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் எங்கள் பழைய லைனில் இருந்தவர்களைத் தவிர வேறு யாரும் நம்பமாட்டார்கள். ஒசூரில் ஒரு கம்பெனியில் இருவரும் அடுத்தடுத்த மிஷினில் பல வருஷம் வேலை பார்த்தோம். டீ நேரம் வந்தால் நாங்களெல்லாம் மரத்தடிச் சிமெண்டுக் கட்டையில் சாய்ந்துவிடுவோம். அவர் மட்டும் டீ கிளாஸோடு மிஷினைச் சுற்றிச் சுற்றி வருவார். எங்காவது ஒரு சொட்டு எண்ணெய் கண்ணில் பட்டால் போதும், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் துணியை எடுத்துவிடுவார். திரும்பி வருவதற்குள் டீயில் ஆடை படிந்திருக்கும். அதையும் நின்றபடியே குடிப்பார்.

எங்கள் கம்பெனிகளில் ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு. சாமான்கள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், தரையில் தூசி தும்பு இருக்கக் கூடாது என்ற சட்டம். மற்றவர்களுக்கு அது ஆடிட் வரும் வாரத்தில் மட்டும் வந்துபோகும் காய்ச்சல். அண்ணாச்சிக்கு அது ரத்தத்தில் கலந்துவிட்டது. கோவில்பட்டிக் கரிசல்காட்டில், குளிக்கவே தண்ணீர் கிடைக்காமல் வளர்ந்த மனுஷன். ஒசூருக்கு வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுவதைக் கண்டதும், உலகத்தையே கழுவிவிடலாம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

பிறகு அந்த லைனை மூடிவிட்டார்கள். எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஊத்தங்கரைக்காரன், ஊருக்குத் திரும்பப் பிடிக்காமல் ஒரு குட்டி யானை வண்டி வாங்கி, கம்பெனி கேன்டீன்களில் மிஞ்சுகிற சோறு குழம்பை அள்ளிப் பன்றிப் பண்ணைகளுக்குக் கொண்டுபோய்ப் போடும் வேலையில் இறங்கினேன். அந்த வண்டியைப் பார்த்துத்தான் அண்ணாச்சிக்கு யோசனை வந்தது. கர்நாடக எல்லைக்குப் பக்கத்தில் சின்னக் கொத்தூர் என்ற ஊரில், கங்கப்பன் என்ற விவசாயியின் நிலத்தில் ஒரு மேட்டைக் குத்தகைக்குப் பிடித்து, தகரக் கொட்டகை போட்டு, வெள்ளைப் பன்றிகளை இறக்கினார்.

"பன்னியா?" என்று கேட்டவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அண்ணாச்சியின் மனைவி ரேவதி அக்காவின் அண்ணன்மார் கோவில்பட்டியிலிருந்து போன் போட்டுத் திட்டினார்கள். பெங்களூரில் நாக்கைச் சப்புக்கொட்டித் தின்கிறவர்கள் இருக்கும்போது வளர்க்கிறவன் மட்டும் ஏன் கூச வேண்டும் என்பது என் கட்சி. அண்ணாச்சி யாரிடமும் வாதாடவில்லை. "கொட்டகைக்கு வந்து பாத்துட்டுச் சொல்லச் சொல்லுலே" என்பார், அவ்வளவுதான்.

வந்து பார்த்தவர்கள் வாயடைத்துப் போனது உண்மை. சிமெண்டுத் தரை பளபளவென்று இருக்கும். பன்றிகள் ரோஜாப்பூ நிறத்தில், இப்போதுதான் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி நிற்கும். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பைப் பிடித்து அண்ணாச்சி கழுவித் தள்ளிவிடுவார். நடுவில் ஒரு பன்றி அசிங்கம் செய்துவிட்டால் நாலாவது தடவையும் கழுவுவார். நான் வண்டியை நிறுத்திச் சோற்று டிரம்மை இறக்குவதற்குள் என் டயரைக்கூட ஒரு பீய்ச்சு பீய்ச்சிவிடுவார்.

"ஏ திருமலை, தரையப் பாரு. இலை போட்டுச் சாப்பிடலாம்லா?" என்று கேட்பார்.

"நீ மொதல்ல உக்காந்து சாப்புடுண்ணா, அப்புறம் நான் சாப்புடுறேன்" என்பேன்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெரிய மண்குழி வெட்டியிருந்தார். சாணமும் மூத்திரமும் தண்ணீரும் சேர்ந்து ஒரு வாய்க்கால் வழியாக அதில் போய் விழும். கொட்டகை மேட்டில் இருக்கிறது. அதற்குக் கீழே கங்கப்பனின் கேழ்வரகு வயல். வயலுக்கும் கீழே, சரிவின் அடியில், கங்கப்பனின் கிணறு. அந்தப் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும், அண்ணாச்சி கொட்டகை கழுவுகிற போரிலும் அதுதான், குடித்தால் பல்லில் கறை ஏறும். அதனால் கங்கப்பன் வீடு, சுற்றியிருக்கும் வீடுகள், அண்ணாச்சி வீடு எல்லாவற்றுக்கும் குடிக்க அந்த ஒரு கிணறுதான்.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. மழைக்காலத்தில் கிணற்றில் தண்ணீர் ஏறியதும் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்துக் தண்ணீர்ச் சாமியான கங்கம்மாவுக்குப் பொங்கல் வைப்பார்கள். கிணற்று மேட்டிலேயே அடுப்புக் கூட்டி, அந்தக் கிணற்றுத் தண்ணீரை மொண்டு உலை வைத்து, அந்தப் பொங்கலை எல்லா வீட்டுக்கும் கொடுப்பார்கள். கங்கப்பன் வீட்டில் மூத்த பிள்ளைகளுக்கெல்லாம் கங்கம்மா பெயர்தான். அவர் பெயரும் அப்படி வந்ததே.

போன வருஷத்து மழைக்காலத்தில் குழி விளிம்பு வரை நிறைந்துவிட்டது. மூன்று வேளை கழுவினால் நிறையாமல் என்ன செய்யும்? கர்நாடகப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. குழி உடைந்தால் வீண் வம்பு என்று அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கங்கப்பனிடம் போய், தரிசாகக் கிடந்த வயலில் குழித்தண்ணீரை இறைத்து விடட்டுமா என்று கேட்டார்.

"எருதானே, உடுப்பா. வயலுக்கு நல்லதுதானே" என்றார் கங்கப்பன்.

"மழை பெஞ்சா மண்ணு குடிச்சிரும்லா" என்று அண்ணாச்சியும் சொன்னார். மோட்டாரைப் போட்டுக் குழியைக் காலி செய்தார். வயல் கருத்து நின்றது. அன்று சாயங்காலமே மழை பிடித்தது. மண் எங்கே குடிப்பது? ஏற்கெனவே அது வயிறு முட்டக் குடித்திருந்தது. வயலில் விட்டதெல்லாம் மழையோடு சேர்ந்து சரிவில் இறங்கி நேராகக் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. வயலுக்குப் போக வேண்டிய சத்து வயலிலும் தங்கவில்லை.

மறுநாள் கங்கப்பனின் மனைவி சரோஜம்மாள் குடத்தை இறக்கி மொண்டார். மூக்கருகே கொண்டுபோனவர் குடத்தை அப்படியே சாய்த்துவிட்டார். சில நாளில் கிணற்றுத் தண்ணீர் பச்சையாகி மேலே ஏடு கட்டியது. மோட்டார் வைத்து இறைத்தார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். ஊறி வந்த புதுத் தண்ணீரிலும் அந்த வீச்சம் இருந்தது. கங்கம்மா பொங்கல் வந்தபோது ஒசூரிலிருந்து கேன் தண்ணீர் வாங்கி உலை வைத்தார்கள்.

நான் அன்று அங்கே இருந்தேன். கிணற்று மேட்டில், கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் கேனிலிருந்து பானையில் தண்ணீர் ஊற்றினார் சரோஜம்மாள். அழவில்லை. முகம் மட்டும் செத்த வீட்டு முகமாக இருந்தது. கங்கப்பன் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுகிற ஆள். அன்று நிதானமாகத் தமிழிலேயே பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"பாருப்பா மாடசாமி. நீயும் இந்தத் தண்ணிதான் குடிக்கிற, அதனால உன்னைத் திட்ட வாய் வரலை. ஆனா அடுத்த வருஷம் கங்கம்மா பொங்கல் இந்தக் கெணத்துத் தண்ணியில பொங்கணும். பொங்கலைன்னா நீ வேற எடம் பாத்துக்க."

அண்ணாச்சி தலையாட்டினார். வேற எடம் எங்கே இருக்கிறது? பன்றிக்கு எந்த ஊரில் நிலம் கொடுப்பார்கள்? கொட்டகைக்கு வந்ததும் நேராக மோட்டாரைப் போட்டு ஓஸ் பைப்பைக் கையில் எடுத்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அசிங்கம் கிணற்றுக்குப் போய்விட்டது, அதனால் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவர் புத்தி வேலை செய்தது. மூன்று வேளை ஐந்து வேளையானது. குழி போதாமல் அதற்குப் பக்கத்தில் இன்னொரு குழி வெட்டினார். விடியும் முன்னே எழுந்து குழியைப் பார்ப்பார், கிணற்றை எட்டிப் பார்ப்பார், திரும்பி வந்து கழுவுவார். கிணற்றை மறுபடி மறுபடி இறைத்தும் வீச்சம் விட்டபாடில்லை. ஊர்க் குழாயில் எப்போதாவது வரும் தண்ணீருக்கு ரேவதி அக்கா குடத்தோடு போய் வரிசையில் நின்றார். அங்கே நின்ற பெண்கள் அவருக்கு இடம் விட்டு விலகி நின்றார்கள். மரியாதைக்கு இல்லை.

"இந்த மனுசன் ராத்திரிக்கு ஓஸ் பைப்பைக் கட்டிப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவாரு போல. எனக்கு ஒரு சக்களத்தி வந்தாச்சு, தம்பி" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அந்தக் குழாயடியில் என்னென்ன பேச்சுக் கேட்டாரோ, அதை அண்ணாச்சியிடம் சொன்னதே இல்லை.

கோடையில் மோட்டார் எரிந்தது. ஓயாமல் ஓட்டினால் அதுவும் என்ன செய்யும்? வைண்டிங் கட்டக் கொடுத்த கடைக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். பன்றிகள் குடிக்க மட்டும் நான் வண்டியில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் கொண்டுவந்து போட்டேன். கழுவத் தண்ணீர் இல்லை.

அந்த நாட்களில் அண்ணாச்சியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வெறும் கையோடு கொட்டகையைச் சுற்றுவார். வாளியைத் தூக்கிக்கொண்டு குடிதண்ணீர் டிரம் பக்கம் வருவார். "அது அதுக குடிக்கிற தண்ணி, தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்" என்று ரேவதி அக்கா அதட்டினால் வாளியை வைத்துவிட்டுப் போவார். வேறு வழியில்லாமல் சாணத்தை மண்வெட்டியால் வழித்து ஒரு மூலையில் குவித்தார். தரை மூத்திரத்தில் ஈரமாகவே கிடந்தது, அக்காவுக்கு வழுக்கியது. சோறு காய்ச்ச மரத்தூள் அடுப்பு வைத்திருந்தார் அவர். கேன்டீன் சோற்றைக் கொதிக்க வைத்துத்தான் பன்றிக்குப் போடுவார்கள். அந்த அடுப்புக்கென்று மூட்டை மூட்டையாக மரத்தூள் கிடந்தது. அக்கா இரண்டு மூட்டையைப் பிரித்துத் தரையில் கொட்டிப் பரப்பிவிட்டார். பன்றிகள் அதில் படுத்துப் புரண்டு கும்மாளம் போட்டன.

"ஐயோ, தூசி!" என்று அண்ணாச்சி கத்தினார்.

"இருக்கட்டும். வழுக்கி விழுந்து என் இடுப்பு ஒடிஞ்சா நீங்களா சோறு காய்ச்சுவீங்க?" என்றார் அக்கா.

கடைசியில் மோட்டார் வந்து சேர்ந்தது. நான்தான் வண்டியில் ஏற்றி வந்தேன். அண்ணாச்சிக்கு அன்று கல்யாண மாப்பிள்ளைக் களை. மோட்டாரைப் பொருத்தி, ஓஸ் பைப்பை மாட்டிவிட்டு, குழியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் போனார். போனவர் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

நின்றுகொண்டிருந்தார். ஆனால் சும்மா நின்றார், கால் மாற்றாமல், கை ஆட்டாமல். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை என்பதால் பாம்பு ஏதாவது கண்ணில் பட்டதோ என்று பயந்துவிட்டேன்.

குழி காய்ந்து அடியில் வெடித்திருந்தது. வாய்க்காலில் செருப்புப் போட்டு நடக்கலாம். குழியிலிருந்து வயல் வரப்பு ஓரமாகக் கிணறு வரைக்கும் ஒரு பட்டையாய் எப்போதும் பச்சைப் புல் அடர்ந்து கிடக்கும். சுற்றிலும் கருகினாலும் அந்தப் பட்டை மட்டும் கருகாது. அதில் கங்கப்பனின் மாடு மேய்வதைப் பார்த்து, நல்ல இடம் என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பட்டையும் மற்ற இடம் போலவே மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது.

"பாத்தியாலே?" என்றார். "அந்தப் புல்லுக்கு எங்கேருந்துலே தண்ணி போச்சு இத்தனை நாளும்? குழிலேருந்து மண்ணுக்குள்ளயே எறங்கிக் கெணத்துக்குப் போயிருக்கு. மழை பெய்யாத நாள்லயும் போயிருக்கு. நான் கழுவக் கழுவப் போயிருக்கு."

குனிந்து ஒரு பிடி காய்ந்த புல்லைப் பிடுங்கினார்.

"பன்னிய ஊரே ஏசுச்சு. பன்னி இல்லலே, நான். சாணம் கெடந்த எடத்துலதாம்லே கெடக்கும். அதுக்குக் காலா இருக்கு? நான்தான் தண்ணிய ஊத்தி, கால் வச்சு, கெணத்துக்கு அனுப்பி வச்சிருக்கேன்."

அன்று மோட்டார் ஓடவில்லை. சாயங்காலம் ஓஸ் பைப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கங்கப்பன் வீட்டுக்குப் போனார். "தக்காளித் தோட்டத்துக்கு வச்சுக்கிடும். கேட்டாலும் திருப்பித் தராதேயும்" என்று கொடுத்துவிட்டு வந்தார். கங்கப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயம் புரிந்ததும் கோபம்தான் வந்தது, கன்னடத்தில் கத்திவிட்டுத்தான் தமிழுக்கு வந்தார்.

"என்னப்பா, கழுவவே போறதில்லையா? கழுவிக் கழுவியே கெணறு அப்படி ஆச்சு. கழுவாம உட்டா என்ன ஆவும்? ஊரே நாறும்பா!"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நமக்கெல்லாம் சுத்தம் என்றால் தண்ணீர் ஊற்றுவதுதான். வாசலானாலும் சரி, கோவில் பிரகாரமானாலும் சரி, ரெண்டு வாளி ஊற்றித் தள்ளிவிட்டால் மனசு ஆறிவிடும். தள்ளியது அடுத்தவன் வாசலில் போய் நின்றால் அது அவன் பாடு.

கங்கப்பன் தினமும் மேட்டுக்கு ஏறி வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் போவார். முதலில் வாடை அதிகமாகத்தான் இருந்தது. பிறகு அண்ணாச்சி தரை முழுக்க மரத்தூளும் கேழ்வரகு வைக்கோலும் போட்டு, நனைய நனைய மேலே மேலே புதிதாகத் தூவினார். சாணத்தை வழித்துக் கொட்டகைக்குப் பக்கத்தில் மேடு கட்டி, சிமெண்டுத் தளம் போட்டு, அதில் குவித்துத் தார்ப்பாய் மூடினார். மூத்திரம் மட்டும் வடிந்து போக ஒரு சின்ன வாய்க்கால், அதன் முனையில் மண்ணுக்குள் கசியாத தொட்டி. மண்குழிகள் இரண்டையும் தூர்த்தார். கூரையில் விழும் மழைத்தண்ணீர் சாணத்துப் பக்கமே வராமல், தகரத்தின் ஓரத்தில் காவாய் அடித்து வேறு பக்கம் திருப்பினார். ஆறேழு வருஷமாகக் கம்பெனி சொல்லிக் கொடுத்த 'அதனதன் இடத்தில்' என்ற சட்டம் அப்போதுதான் அவருக்கு உருப்படியாகப் பயன்பட்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் மனுஷன் பட்ட பாடு! உடம்பில் அரிப்பு வந்தவன் சொறியாமல் இருப்பது போல இருந்தார். அழுக்குத் தரையைப் பார்ப்பார், கை தானாக மோட்டார் சுவிட்சுப் பக்கம் போகும், பாதியில் இழுத்துக்கொள்வார். வந்தவர்கள் தரையைப் பார்த்து முகம் சுளித்தால் கூனிக் குறுகிப் போவார். பன்றிகளுக்கு மட்டும் சந்தோஷம். மரத்தூளைக் கிளறிக்கொண்டு, அதில் மூக்கை நுழைத்துத் தூங்கின. குவியல் உள்ளுக்குள் சூடேறி ஆவி விட்டது. அதில் கையை விட்ட அண்ணாச்சி சுட்டுவிட்டது என்று உதறினார். சில வாரத்தில் அது கருத்துப் பொடிந்து, ஈர மண் வாசம் அடித்தது. கங்கப்பன் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். அள்ளியதைக் கீழே போடாமல் தக்காளிப் பாத்தி வரைக்கும் கையிலேயே கொண்டுபோனார்.

கிணற்றைக் கங்கப்பன் இரண்டு முறை இறைத்துச் சேறு வாரினார். ஆனால் மழைதான் உண்மையைச் சொல்ல வேண்டும். மழைக்காலம் நெருங்க நெருங்க அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. வானத்தைப் பார்ப்பார், தார்ப்பாயைப் பார்ப்பார், மறுபடி வானத்தைப் பார்ப்பார்.

அந்த மழை மதியத்துக்கு மேல் வந்தது. நான் டிரம் இறக்கிக்கொண்டிருந்தேன். முதலில் காற்று. தகரம் தடதடவென்று அடித்தது, பன்றிகள் கத்தின. குவியலின் மேலிருந்த தார்ப்பாய் ஒரு பக்கம் கல்லோடு சேர்ந்து கிளம்பியது. கூரைக் காவாய் தண்ணீரைக் கொண்டுபோகிறது, வாய்க்கால் சரியாக இருக்கிறது, எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கிறது. இந்தத் தார்ப்பாய் மட்டும் பறந்துவிட்டால் ஒரு பருவத்துச் சாணமும் கரைந்து சரிவில் இறங்கிவிடும்.

"ஏ, புடிலே! புடி!" என்று அண்ணாச்சி கத்திக்கொண்டே ஓடினார். நான் ஒரு முனையைப் பிடித்தேன், காற்று என்னையே தூக்கியது. அவர் அடுத்த முனையைப் பிடித்தார், கை வழுக்கியது. இரண்டு தடவை பிடித்து இரண்டு தடவையும் விட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, குவியலின் மேல் ஏறி, தார்ப்பாயின் மேல் குப்புற விழுந்து, கையையும் காலையும் விரித்துப் படுத்துவிட்டார்.

ஒரு சொட்டு எண்ணெய்க்காக டீயை ஆறவிட்ட மனுஷன். மழை முதுகில் அறைகிறது. ஓரங்களில் பிதுங்கிய சாணம் அவர் கையிலும் கன்னத்திலும் அப்பியிருக்கிறது. ரேவதி அக்கா வாசலில் நின்று வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு சிரித்தார், பார்த்தால் அழுகை. எனக்கும் சிரிப்பு வந்தது, பிடித்த முனையை மட்டும் விடவில்லை.

அப்போது கீழேயிருந்து கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கங்கப்பன் ஏறி வந்தார். கிணற்றைப் பார்க்கத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருப்பார். மேட்டில் நடப்பதைக் கண்டு வந்திருக்கிறார். ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். தோளில் மாடு கட்டும் கயிறு கிடந்தது.

எழுந்திருக்கப் பார்த்தார் அண்ணாச்சி.

"படுத்துக்கினே இருப்பா! எழுந்திரிக்காத!" என்று கங்கப்பன் அதட்டினார். கயிற்றைக் குவியலுக்குக் குறுக்கே வீசினார், அந்தப் பக்கம் நான் பிடித்தேன். கல்லில் சுற்றி, கொட்டகைத் தூணில் இழுத்துக் கட்டினோம். கட்டி முடிக்கும் வரையில் அண்ணாச்சி படுத்திருந்தார். பிறகும் கொஞ்ச நேரம் எழவில்லை, காற்றை நம்பாமல்.

மழை விட்டு விட்டுப் பல நாள் பெய்தது. கிணற்றில் தண்ணீர் ஏறியது. அண்ணாச்சி கிணற்றுப் பக்கம் போகவே இல்லை. "எட்டிப் பாருண்ணா" என்றேன். "நான் பாத்தா தண்ணி கலங்கிரும்லே" என்று சொல்லிவிட்டார். இதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை வந்தது. கிணற்று மேட்டில் அடுப்புக் கூட்டியிருந்தார்கள். ஓரமாக ஒரு கேன் தண்ணீர் சீல் உடைக்காமல் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று யாரோ வாங்கி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி வரவில்லை. மேட்டில் கொட்டகை வாசலில் அவர் குறுக்கும் நெடுக்குமாக நடப்பது இங்கிருந்தே தெரிந்தது.

சரோஜம்மாள் குடத்தை இறக்கினார். மொண்டு மேலே இழுத்தார். கங்கப்பன் குடத்தில் மூக்கை வைத்தார். கையில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு குடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, இன்னும் ஒரு வாய் குடித்தார். குடத்தைச் சரோஜம்மாளிடம் கொடுக்காமல் தானே தூக்கிப் பானையில் ஊற்றினார்.

"கங்கம்மா, தாயி" என்றார். கேனை எடுத்து வாழைக்கன்றுக்கு ஊற்றச் சொன்னார்.

நான் மேட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஆனாலும் அண்ணாச்சி நம்பவில்லை.

"கேன் தண்ணியா? சும்மா சொல்லு. கேன் தண்ணிதானே?"

"கெணத்துத் தண்ணிண்ணா! கங்கப்பன் குடிச்சாருண்ணா, ரெண்டு வாய்!"

நடையை நிறுத்தவில்லை. பொங்கல் பொங்கிக் குலவை போட்ட சத்தம் கேட்ட பிறகும் நடந்தார். சரோஜம்மாள் இலையில் பொங்கலை ஏந்திக்கொண்டு மேடேறி வந்தபோதுதான் நின்றார். போன வருஷம் சரோஜம்மாள் இந்த மேட்டுப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்ம கெணத்துத் தண்ணியில வெந்தது. சாப்புடுப்பா" என்று அண்ணாச்சி கையில் கொடுத்தார். ரேவதி அக்காவைப் பார்த்து, "நாளையிலேர்ந்து நீ எதுக்கு ஊர்க் குழாய்க்குப் போறே? இங்கியே வந்து மொண்டுக்கோ" என்றார். அக்கா சரோஜம்மாளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி ஒரே ஒரு சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவினார். மீதி இருந்ததைக் கொட்டாமல் ஓரமாக வைத்தார். இலையோடு இடம் தேடினார். கொட்டகை வாசல் தரையில் மரத்தூளும் வைக்கோலும் ஒட்டிக் கிடந்தன. துடைத்து எத்தனை மாதமோ. அதைப் பார்த்தார். பிறகு அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நான் பார்க்க, முதல் தடவையாக உட்கார்ந்தார். கர்நாடகப் பக்கம் லேசாக இடி உருண்டது. தலையைத் தூக்கித் தார்ப்பாயைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மறுபடி இலைக்குக் குனிந்தார். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. இலை காலியாகும் வரை எழுந்திருக்கவில்லை.